பதினேழாம் நம்பர் டோக்கன்

அக்டோபர் 9, வியாழன். பஸாவ்

கப்பலுக்கு வந்து சேர்ந்தோம். கப்பல் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது நீளமான படகு. அறை சுத்தமாக இருக்கிறது. துவாலைகளை மட்டும் ஏனோதானோவென்று மடித்திருந்தார்கள். பிரித்து நானே மடித்து வைத்தேன்.

டான்யூப் நதி நீலமாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். டீத்தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. மேற்கே மலைகளில் ஒரு வாரமாக மழையாம்.

நாற்பத்திரண்டு பேர், எல்லோரும் தமிழர்கள். எங்களை அழைத்து வந்திருக்கும் மேலாளர் தினகர், சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும். எல்லோரையும் ஆன்டி, அங்கிள் என்கிறார். என்னை மிஸஸ் மச்சாது என்று கூப்பிட்டால் போதும் என்றேன். "ஓகே ஆன்டி" என்றார்.

மாலையில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒழுங்குமுறைகளைச் சொன்னார்கள். வாசலில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு கொக்கி, ஆளுக்கொரு பித்தளை டோக்கன். கரையில் இறங்கும்போது டோக்கனை எடுத்துக்கொண்டு போகவேண்டும், திரும்பியதும் மாட்டவேண்டும். கொக்கிகள் எல்லாம் நிறைந்தால்தான் கப்பல் புறப்படும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணமாட்டார்கள். நல்ல ஏற்பாடு. என்னுடையது பதினாறு, எமரென்சியாவுடையது பதினேழு.

எமரி என் நாத்தனார். என் கணவர் எட்மண்டின் ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபத்தொன்பது வயதாகியும் விளையாட்டுத்தனம் போகவில்லை. தினகர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் காதில், "மைனி, இது எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். பேசாமல் இரு என்றேன்.

இந்தப் பயணம் என் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு டொரான்டோவிலிருந்து மகன் ரெனால்ட் செய்த ஏற்பாடு. அத்தையை வீட்டில் ஆள் போட்டு விட்டுவிட்டு வாருங்கள் என்றான். எட்மண்ட் கடைசியாக என்னிடம் சொன்னது தங்கையைப் பற்றித்தான். நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

பயணப் படிவத்தில் இருவருக்கும் உடல்நலக் குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் டாக்டர்கள் எதற்கெடுத்தாலும் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி. லின்ஸ்

இன்று நடந்ததை எழுத விருப்பமில்லை. ஆனால் ஒரு நாளும் விடாமல் எழுதுவது என் வழக்கம்.

ஊர் அழகான ஊர். பெரிய சதுக்கம், நடுவில் வெள்ளைத் தூண். எல்லோரும் ஐந்து மணிக்குக் கப்பலில் இருக்கவேண்டும். நாங்கள் நாலே முக்காலுக்கே வந்துவிட்டோம். பலகை முன் நின்றால் எமரியிடம் டோக்கன் இல்லை. பை, கோட்டுப் பை, கைக்குட்டை எல்லாவற்றையும் உதறியாகிவிட்டது. "எந்த டோக்கன் மைனி?" என்று சிரிக்கிறாள்.

தினகர் ஓடிப்போய், கேக் சாப்பிட்ட கடையில் தட்டுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தார். அதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. நாற்பது பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர் கோகிலவாணி, மில் முதலாளி மனைவி, எனக்குக் கேட்கும்படியாகவே பேசினாள்.

"ஏனுங்கம்மா, உங்க நாத்தனாரு காலைல ரெண்டு தடவ டிபன் சாப்புட்டாங்க, பாத்தீங்ளா? மறந்துட்டாங்களாட்ட இருக்குது."

"அவளுக்குப் பசி அதிகம்" என்றேன்.

"எங்க மாமியாருக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது."

உங்கள் மாமியாரைப் பற்றி நான் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்தேன்.

இனிமேல் இரண்டு டோக்கன்களும் என்னிடம்தான் இருக்கும். எடுப்பதும் மாட்டுவதும் நான். இந்தக் குடும்பத்தால் கப்பல் தாமதம் என்று இன்னொரு முறை யாரும் சொல்லக்கூடாது.

எமரிக்கு அவமானமே இல்லை. நாலு மணி டீயைத் தவறவிட்டோமே என்றுதான் கவலை. ஆறு மணிக்குச் சமையலறை வாசலில் போய் நின்றாள். சமையல்காரர் சேர்மக்கனி திருச்செந்தூர்ப் பக்கம். ஊர்ப்பேச்சு கேட்டதும் நேற்றே ஒட்டிக்கொண்டார்கள். "சின்னம்மா வந்தாச்சா, இப்பம்தான் மணி நாலு" என்று அந்த மனிதர் அவளுக்கு இஞ்சி தட்டி டீ போட்டுக் கொடுக்கிறார். இப்படிச் செல்லம் கொடுத்தால் கெட்டுத்தான் போவாள்.

அக்டோபர் 11, சனி. மெல்க்

மலைமேல் மஞ்சள் நிறத்தில் பெரிய மடம். உள்ளே ஒரு நூலகம். புத்தகங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில். ஒழுங்கு என்றால் இதுதான் என்று எமரியிடம் சொன்னேன். அவள் வழிகாட்டிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன எங்கம்மா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்மண்ட் இறந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் மூன்று தடவை உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் கேள்விப்பட்டவள் போல அழுதாள், அதுவும் அத்தனை பேர் நடுவில். நாலாவது தடவை, சாயங்காலம் வருவார் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். ஊருக்குப் போனதும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இறங்கும்போது தினகர் என்னைத் தனியாக அழைத்தார். "ஆன்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க கூட ஒரு ஆளப் போடட்டுமா? இந்த மாதிரி முன்னாடியும் ஹேண்டில் பண்ணிருக்கோம். ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"எந்த மாதிரி?"

அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"எங்க வீட்டு ஆளப் பாத்துக்க எனக்குத் தெரியும், மிஸ்டர் தினகர்."

இரவுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு பள்ளிக்கூடங்களைப் பற்றித் திரும்பியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒழுங்கு இல்லை என்று ஒருவர் ஆரம்பித்தார். நான் என் கான்வென்ட் நாட்களைச் சொன்னேன். ஒன்பது வயதில் ஒருநாள் மதர் என்னை மணிக்கூண்டின் கீழ் நிற்கவைத்தார். நான் வந்து கூப்பிடும்வரை அசையக்கூடாது என்றார். பிறகு மறந்துவிட்டார். நாலு மணிக்கு நின்றவள், ஏழு மணிக்கு வேலைக்காரப் பெண் விளக்கோடு வரும்வரை நின்றேன். மழை பெய்தது. ஓர் அடி நகரவில்லை. மறுநாள் மதர் எல்லோர் முன்னிலையிலும் எனக்கு ஒரு மாதா படம் பரிசளித்தார். எங்களை அப்படி வளர்த்தார்கள்.

எமரி இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பாள். இன்று புதிதாகக் கேட்பதுபோல வாயைத் திறந்து கேட்டுவிட்டு, "மைனி, நீங்க என்ன தப்பு பண்ணுனீய?" என்றாள்.

"ஒரு தப்பும் இல்லை."

"தப்பு பண்ணாம நிக்க வப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலவாணிதான் ரொம்பச் சிரித்தாள்.

மழை நிற்கவில்லை. ஜன்னலைத் தாண்டி முழு மரங்கள் மிதந்து போகின்றன.

அக்டோபர் 12, ஞாயிறு. டூர்ன்ஸ்டைன்

காலை. திருப்பலிக்கு வழியில்லை. அறையில் ஜெபமாலை சொன்னோம். எமரி ஒரு வார்த்தை தப்பாமல் சொல்கிறாள். முழங்கால் போட்டால் எல்லாம் நினைவிருக்கிறது. சொன்னேனே, அவளுக்கு ஒன்றும் இல்லை.

மாலை 3.40. கப்பலுக்குத் திரும்பிவிட்டேன். எழுத்து சரியாக வரவில்லை.

சின்ன ஊர். கல் பாவிய ஒரே தெரு, நீல வெள்ளைக் கோபுரத்தோடு ஒரு கோயில், ஆற்றுக்கு இறங்க நீளமான படிக்கட்டு. ஆப்ரிகாட் ஜாம் விற்கும் கடையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். எமரி ஒரு பாட்டிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். கடைக்காரி பின்னாலேயே வந்து தோளைத் தொட்டாள். எமரி பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்கண்ணனுக்கு" என்றாள், விடமாட்டேன் என்கிறாள். நம் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் பேசாததுதான் தாங்கமுடியவில்லை. கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சிரித்தது இன்னும் மோசம். மச்சாது குடும்பத்தில் இப்படி ஒரு நாள்.

கோயில் சுவரோரம் எமரி கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் உள்ளே போய் முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. பக்கவாசல் வழியாக வெளியே வந்தால் நேரே படிக்கட்டு. ரத்தஅழுத்த மாத்திரை அறையில் இருந்தது. இறங்கிவிட்டேன். நம் ஆட்கள் எல்லோரும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வரவேண்டும். யாராவது அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கப்பல் ஐந்தரைக்குத்தான். மாத்திரை போட்டுக்கொண்டு கொஞ்சம் படுக்கிறேன். நாலரைக்கு நானே போய்ப் பார்க்கலாம்.

4.50. தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஜன்னலில் கரை நகர்ந்துகொண்டிருக்கிறது.

4.55. வெளியே போய் விசாரித்தேன். தண்ணீர் வேகமாக ஏறுவதால், எல்லோரையும் கடைத்தெருவிலிருந்து வேறு பாதையாக அவசரமாக அழைத்துவந்து, நாலேகாலுக்கே புறப்பட்டுவிட்டார்களாம். எல்லோரும் வந்தாயிற்று என்கிறார்கள். பலகையைப் பார்த்தேன். ஒரு கொக்கிகூடக் காலி இல்லை. எமரி மேல்தளத்தில் இருப்பாள்.

5.10. மேல்தளத்தில் இல்லை. மழைக்காக நாற்காலிகளை மடக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

5.30. கூடத்தில் இல்லை. புத்தக அறையில் இல்லை. இரண்டு கழிப்பறைகளையும் தட்டிப் பார்த்தேன். கோகிலவாணி, "யாரத் தேடறீங்க?" என்றாள். என் கண்ணாடியை என்றேன். அது என் மூக்கின்மேல் இருந்தது.

6.05. தினகரிடம் சொன்னேன். எமரி அறையில் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் நேராகப் பலகைக்குப் போனார். பதினேழு தொங்குகிறது.

"அப்போ போர்ட்லதான் இருக்காங்க ஆன்டி. பயப்படாதீங்க." பிறகு, "அவங்களே வந்து மாட்டுனாங்களா? நீங்க பாத்தீங்களா?"

நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கம் அசைத்தேன் என்று என்னால் சொல்லமுடியாது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

6.30. கப்பல் முழுவதும் தேடிவிட்டார்கள். என்ஜின் அறை, துணி துவைக்கும் அறை, எல்லாம். கப்பலை நிறுத்தி நங்கூரம் போட்டிருக்கிறார்கள். டோக்கன் இருந்து ஆள் இல்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்று கேப்டன் தினகரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. மேல்தளத்தில் போய் எல்லோரும் கைப்பிடிக் கம்பிகள் வழியாகத் தண்ணீரைப் பார்க்கிறார்கள். நன்றாக இருட்டிவிட்டது. வெளியே மழை. நாலு டிகிரி என்று கூடத்துப் பலகையில் போட்டிருக்கிறது.

அவள் கம்பளிச் சட்டை அறையில் நாற்காலிமேல் கிடக்கிறது. கோயிலுக்குப் போகும்போது மெல்லிய சால்வைதான் போட்டிருந்தாள்.

6.50. சேர்மக்கனி வந்து அறை வாசலில் நின்றார். கையில் டீத் தம்ளர். ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

"பெரியம்மா, சின்னம்மா இன்னைக்கு நாலு மணிக்கு டீக்கு வரல்ல. கப்பல்ல காலு வச்சா மொதல்ல எங்கிட்டதான் வருவாவ. அவிய கப்பலுக்கே வரல்லன்னு எனக்குத் தோணுது. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கான். டோக்கன் இருக்கேங்கான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

அவர் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் என் எதிரே இருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். படிவத்தில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டவள் என்பார்கள். அவளை நான் நடத்திய விதம் ரெனால்ட் வரைக்கும் போகும். அதற்குள் அவளே யாரிடமாவது போய்ப் பேசியிருப்பாள். எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவள்தானே. போலீஸ்காரர்கள் சூடாக ஏதாவது கொடுத்து உட்காரவைத்திருப்பார்கள். அசையாமல் அங்கேயே இருப்பாளா என்ன.

இருப்பாள்.

8.15. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றையும் விடவில்லை.

ஏழு மணிக்கு மேல்தளத்துக்குப் போனேன். மீட்புப் படகுகள் இரண்டு விளக்கு வீசிக்கொண்டு தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தன. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஆட்கள், படகுக்கு இரண்டு பேர். ஆறு கொதிப்பதுபோலப் போகிறது. ஒரு பெரிய மரம் வேரோடு வந்து முன்னால் நின்ற படகில் மோதியது. ஓர் ஆள் தண்ணீருக்குள் விழுந்தார். தலை ஒருமுறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மற்றவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார். அந்த ஆள் குப்புறக் கிடந்து இருமுவது கப்பல்வரை கேட்டது. இருமி முடித்ததும் எழுந்து உட்கார்ந்து மறுபடி விளக்கைக் கையில் எடுத்தார். அங்கே இல்லாத ஒருத்தியைத் தேடுவதற்கு.

நான் தினகரிடம் போனேன். பக்கத்தில் கோகிலவாணியும் கேப்டனும் நின்றார்கள். கேப்டனுக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு தமிழிலும் சொன்னேன்.

டோக்கனை மாட்டியது நான். இரண்டையும் லின்ஸிலிருந்து நான்தான் வைத்திருக்கிறேன். மாத்திரை நினைப்பில் கை பழக்கத்துக்கு இரண்டையும் மாட்டிவிட்டது. அவள் ஆற்றில் இல்லை. டூர்ன்ஸ்டைனில் கோயில் சுவரோரம் நிற்கிறாள். நான் நிற்கச் சொன்னேன். நான் வந்து கூப்பிடும்வரை அசையக்கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னேன். அவளுக்கு இரண்டு வருடமாக நினைவு தப்புகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நான் கிழித்துப்போட்டேன்.

கேப்டன் உடனே போனை எடுத்தார். தினகர் என்னைப் பார்க்கவில்லை.

"மூணு மணியிலிருந்துங்களாம்மா?" என்றாள் கோகிலவாணி. "இந்த மழைலயா?"

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அறைக்கு வந்து, தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதினேன்.

8.25. கண்டுபிடித்துவிட்டார்களாம். உயிர் இருக்கிறது. கிரெம்ஸ் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். எனக்குக் கார் வருகிறது. இரண்டு டோக்கன்களையும் எடுத்துக்கொண்டேன். பலகையில் இப்போது இரண்டு கொக்கி காலி.

அக்டோபர் 13, திங்கள். கிரெம்ஸ், ஆஸ்பத்திரி

போலீஸ்காரர் ஆங்கிலம் பேசுவார். அவர் சொன்னது இது. கோயில் சுவரோரம், சுவரில் முதுகு படாமல் நேராக நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. ஐந்து மணிக்குக் கடையைச் சாத்தும்போது ஜாம் கடைக்காரி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்தாளாம். கேட்டதற்கு எமரி சிரித்துக்கொண்டே ஆற்றின் பக்கம் கையைக் காட்டினாளாம். நாற்காலியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. உட்காரவே இல்லை. போலீஸ்காரர்கள் வந்தும் நகர மறுத்தாளாம். இரண்டு பேராகத் தூக்கித்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

நான் போனபோது கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மைனி, நான் அசையவே இல்ல."

"தெரியும் எமரி."

"இனி உக்காரலாமா?"

படுத்துக்கொண்டிருப்பவள் அதைக் கேட்டாள்.

உட்காரலாம் என்றேன். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

இடது நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது. காய்ச்சல் இறங்கவில்லை. ரெனால்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டான். பிறகு, வருகிறேன் என்றான்.

அக்டோபர் 15, புதன்

இங்கேயும் ஒரு படிவம். நினைவுக் குறைபாடு உண்டா, எப்போதிலிருந்து, நோயாளியோடு கடைசியாக இருந்தவர் யார். எல்லாவற்றையும் நிரப்பினேன். கையெழுத்து நன்றாக வந்தது.

தினகர் போன் செய்தார். கப்பல் வியன்னாவில் நிற்கிறதாம். சேர்மக்கனி தினமும் விசாரிக்கிறாராம். டோக்கன்களைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வச்சுக்கோங்க மிஸஸ் மச்சாது" என்றார். முதல்முறையாக அப்படிக் கூப்பிடுகிறார்.

அக்டோபர் 16, வியாழன்

இரண்டு நாள் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு நாள் இன்றோடு முடிகிறது. டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டு, நாளை பார்க்கலாம் என்றார். நர்ஸிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது.

ஒரு சிக்கல் இருக்கிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தால் போதும், எமரி போர்வையை விலக்கிக் கால்களைத் தரையில் வைத்துவிடுகிறாள். நான் போனால் அவள் நிற்கவேண்டும் என்று அவளுக்குப் பதிந்துவிட்டது. கைகளில் ஊசிக் குழாய்களோடு, அந்தக் காய்ச்சலோடு எழுந்து நிற்கப் பார்க்கிறாள். நிற்கவேண்டாம் என்று பல முறை சொல்லிவிட்டேன். அது மட்டும் மனதில் நிற்கவில்லை.

ஆகவே நான் எழுந்திருப்பதில்லை. நேற்று மதியத்திலிருந்து, அவள் அயர்ந்து தூங்கும் ஓரிரண்டு நிமிடம் தவிர, இந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். நர்ஸ் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறாள். கால் வீங்கியிருப்பதைக் காட்டுகிறாள். நான் மாட்டேன் என்று தலையாட்டுகிறேன்.

இப்போது மணி நாலு. வெளியே மழை விட்டிருக்கிறது. சற்று முன் எமரி கண்ணைத் திறந்தாள். நெடுநேரம் என்னையே பார்த்தாள். மூச்சு இழுத்து இழுத்துத்தான் பேச்சு வந்தது.

"அசையாம இருக்கியளே மைனி. ஒங்கள யாரும் வந்து கூப்பிடலியா?"

"இல்லை."

"நீங்களும் தப்பு பண்ணுனீயளா?"

ஆமாம் என்றேன்.